சின்ன வேலைக்கு ஒரு வண்டி

அபுதாபியில் குடும்பத்தோடு வந்து இறங்கும் எவருக்கும் இரண்டொரு மாதத்துக்குள் ஓர் உண்மை பிடிபட்டுவிடும். அந்த ஊரில் கடலைத் தூர்த்து நிலமாக்க ஆள் கிடைக்கும். வானத்தைத் தொடும் கட்டடம் எழுப்ப ஆள் கிடைக்கும். சொட்டுகிற குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற மட்டும் ஆள் கிடைக்காது. நான் அந்த வாஷரை மாற்றிக்கொண்டிருந்தவன். அதனால் வீடுகளில் எனக்கு இருந்த மரியாதை, கட்டடத்தைக் கட்டிய எஞ்சினியருக்குக்கூட இருந்ததில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஜெரால்டு. எங்கள் பழைய கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். போனைத் தட்டினால் வீட்டுக்கு பிளம்பர் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இன்று மேலாளராக இருக்கிறான். போன மாதம் லீவில் ஊருக்கு வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். தன் ஆட்களுக்கு வேலை தெரிகிறது, ஆனால் ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை என்றான். அப்போது நம்மை வேலை வாங்கிய சிவபாலன் அண்ணை நமக்குச் சொன்னதையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். எழுத உட்கார்ந்தால் விஷயம் வாசலோடு நிற்கவில்லை.

நாகர்கோவில் பக்கம் கடற்கரை ஊர்க்காரன் நான். வீட்டில் எல்லோரும் வலையோடு போனார்கள்; எனக்குக் கடல் குமட்டும். அதனால் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படித்து, பம்பாயில் இன்டர்வியூ கொடுத்து, வளைகுடாவுக்கு வந்து, லேபர் கேம்புகளில் வருடக்கணக்காகக் குளியலறைக் குழாய் போட்டேன். அந்தக் காலத்தை விரிவாக எழுதினால் எனக்கே தூக்கம் வரும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, அபுதாபி நகருக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கராஜுக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் இருந்த மெயின்டனன்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி கஃபீல், அதாவது எங்களுக்கு விசா தரும் உள்ளூர் அரபி, பெயரில் இருந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரரான சிவபாலன். நாங்கள் எல்லோரும் அவரை அவர் ஊர் வழக்கப்படி 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவோம்.

சின்ன வேலைக்கு ஏன் யாரும் வருவதில்லை? வராதவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. முசஃபாவிலிருந்து சிட்டிக்கு வண்டி ஓட்டி வரவேண்டும். வந்தால் பார்க்கிங் கிடைக்காது. போனில் 'குழாய் சரியில்லை' என்பார்கள். வந்து பார்த்தால் ஹீட்டர் போயிருக்கும். கையில் அதற்கான சாமான் இருக்காது. அரை நாள் போய்விடும். தெருவுக்கு ஒரு எலக்ட்ரிக்கல், சானிட்டரி சாமான் கடை உண்டு. போய்க் கேட்டால் கடைக்காரர் இதோ ஆள் வருகிறான் என்பார். அந்த ஆளை அதற்குள் யாராவது பெரிய வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மறுபடி கேட்டால் 'புக்ரா'. அரபியில் நாளைக்கு என்று அர்த்தம். எந்த நாளைக்கு என்று சொல்லமாட்டார்கள்.

சிட்டிக்குள் காலிதியா பகுதியில் ஒரு சென்னைக்கார பேங்க் அதிகாரி இருந்தார். திரைச்சீலை மாட்டும் கம்பியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, துளை போட ஆள் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆயுத பூஜை வந்தபோது அந்த வீட்டம்மா அந்தக் கம்பிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்களாம். நான் போய் மாட்டிக்கொடுத்தபோது கம்பியில் பொட்டு அப்படியே இருந்தது. அதைத் துடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனிக்குப் பெரிய கான்ட்ராக்டுகளே போதுமான அளவு இருந்தன. ஆனாலும் சிவபாலன் அண்ணை கஃபீலிடம் பேசி, சின்ன வேலைக்கென்றே ஒரு வேன் வாங்கினார். கஃபீல் சிரித்துவிட்டு, "யல்லா, ஆகட்டும், ஓட்டிப் பார்" என்றாராம். எதற்கு இந்த வீண் வேலை என்று நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். தன் மனைவியை முதன்முதலில் கூட்டிவந்த வருடம் அடுக்களைத் தொட்டி அடைத்துக்கொண்டதாகவும், ஆள் கிடைக்காமல் மனைவி வெகுநாள் குளியல் தொட்டியில் குந்தி உட்கார்ந்து சட்டி கழுவியதாகவும், ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுததாகவும் அண்ணை சொன்னார். ஊர் என்றால் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்த ஊர்.

"பெரிய கஷ்டத்துக்கு ஆரும் திரும்பிப் போறேல்லை, சேவியர். உந்தச் சின்னக் கரைச்சலிலதான் மனம் விட்டுப்போகுது" என்றார்.

அவர் போன் எடுக்கும் விதத்தை எழுதியாக வேண்டும். கான்ட்ராக்டர்கள் அழைத்தால் உட்கார்ந்தே பேசுவார். வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து நின்றுகொள்வார். சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். மேசையில் கிடக்கும் ஒரு நட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே, எதிர்முனையில் பேசுபவர் மூச்சு வாங்கும்வரை குறுக்கிடாமல் கேட்பார். பிறகு மூன்று கேள்விகள். என்ன பிரச்சினை? எப்போது தொடங்கியது? வீட்டில் ஆர் நிக்கினம்? யாழ்ப்பாணத்தில் நிற்பது என்றால் இருப்பது; தமிழ்நாட்டுக்காரர்கள் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார்கள். யாரும் நிற்கவில்லை சார், எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்று ஒருவர் பதில் சொன்னது எங்கள் பட்டறையில் ரொம்ப நாள் ஓடியது.

யாரையும் திட்டமாட்டார். நாம் செய்த தப்பை நம்மிடமே கேள்வியாகத் திருப்பிக் கேட்பார், அவ்வளவுதான். "அப்ப நீ ஷூவோட உள்ளுக்கை போனாய்?" என்று அமைதியாகக் கேட்டால், நமக்கு அடி வாங்கியதைவிட அதிகமாக உறைக்கும்.

அவர் சொல்லித் தந்த முறை இது. ஜெரால்டுக்குத் தேவையானதும் இதுதான். மணியை ஒரு தரம் அடிக்கவேண்டும். அடித்துவிட்டுக் கதவை விட்டு விலகி லிஃப்ட் பக்கம் வந்து, முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொள்ளவேண்டும். உள்ளே இருப்பவர்கள் துணியைச் சரிசெய்து கொள்வதற்கு நேரம் வேண்டுமல்லவா? டூல் பை கண்ணில் படும்படி முன்னால் இருக்கவேண்டும். உள்ளே போனதும் கையை வைத்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் தன் வாயால் முழுதும் சொல்லட்டும். அவர்கள் அத்தனை நாளாக அதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். முன்னால் வந்தவன் என்ன கூத்து பண்ணியிருந்தாலும் அவனைக் குறை சொல்லக்கூடாது. தேநீர் கொடுத்தால் வேலை முடிந்த பிறகு குடிக்கவேண்டும், மறுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வீட்டில் ஆண் இல்லையென்றால் உள்ளே காலே வைக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதி எங்கள் கம்பெனியில் மட்டும் இருந்ததல்ல. ஒரு புகார் போதும். போலீஸ், ஜெயில், விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். உண்மையா பொய்யா என்று விசாரித்து முடிவதற்குள் ஆள் ஒன்றுமில்லாமல் போய்விடுவான். கேம்பில் இப்படிப் போனவர்களைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு. எந்தத் தேசத்து வேலைக்காரனானாலும், கதவைத் திறந்தது ஒரு பெண், பின்னால் ஆண் குரல் இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவான். இதனால் திண்டாடியது யாரென்றால், எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்களின் மனைவிமார்கள். அந்த ஆண்கள் கடலுக்குள் இருக்கும் மேடைகளில் ஒரு மாதம் கிடப்பார்கள். பிறகு ஒரு மாதம் வீட்டில் இருப்பார்கள். அவர்கள் இல்லாத மாதத்தில்தான் எல்லா வீட்டிலும் எல்லாம் உடையும்.

கீதா வீடு அப்படிப்பட்டது. திருச்சிக்காரப் பெண், கணவர் ராகவன் கடல் மேடையில் எலக்ட்ரிகல் எஞ்சினியர், அம்மு என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. கீதா போன் செய்தபோது நான் பட்டறையில்தான் இருந்தேன். குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுகிறது. வாடகை கண்டபடி ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. பழைய வாடகையில் இருப்பவர்களைக் கிளப்பக் கட்டட உரிமையாளர்கள் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை ஆள் வந்து கூரையைப் பார்ப்பான், ஈரம் இருந்தால் காலி செய்யவேண்டும் என்று அந்தக் கட்டடத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். காலி செய்தால் அந்தச் சம்பளத்துக்கு வேறு வீடு கிடைக்காது. தாயும் பிள்ளையும் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

அண்ணை மூன்றாவது கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரர் இருக்கிறார், நைட் டூட்டி முடிந்து தூங்குகிறார் என்று பதில் வந்தது.

நான் போனேன். வாசலில் பெரிய சேஃப்டி ஷூ கிடந்தது. ஹாலில் நாற்காலியில் ஆண் சட்டை. கீதா விரலை வாயில் வைத்து, மூடியிருந்த படுக்கையறைக் கதவைக் காட்டினார். நான் பூனை மாதிரி நடந்து குளியலறைக்குள் போனேன்.

கசிவைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கீழே எந்நேரமும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயில் கோளாறு. குளிக்கும்போது மட்டும் சொட்டினால் போகும் வழியில் கோளாறு. இங்கே குளிக்கும்போது மட்டும்தான் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றி முன்னால் வந்த யாரோ சிலிகானை அள்ளி அப்பியிருந்தான். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. டைலைப் பெயர்த்து, கீழே இருக்கும் இணைப்பை மாற்றவேண்டும், சத்தம் வரும், சார் எழுந்துவிடுவார் என்று சொன்னேன். பரவாயில்லை, அவர் எழுந்திருக்க மாட்டார் என்றார் கீதா.

உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். குளியலறையில் உளிச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். மேல்வீட்டில் நாற்காலி நகர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. படுக்கையறையிலிருந்து மட்டும் ஓர் இருமல்கூட இல்லை. டைல் முழுவதும் பெயர்ந்து, உள்ளே உடைந்துகிடந்த இணைப்பு தெரிந்தது. அதையும் அறுத்து எடுத்துவிட்டேன். அப்போதும் சத்தமில்லை.  இவ்வளவு சத்தத்துக்கும் எழாத ஆளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?

அம்மு கதவோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்துவிடப் போகிறார், கதவைச் சாத்து மக்களே என்றேன், எங்கள் ஊரில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அப்பா எழுந்திரிக்க மாட்டாரு. அவர் கடல்ல இருக்காரு" என்றாள்.

கடற்கரையில் பிறந்தவனுக்கு இந்த வார்த்தை எப்படிக் கேட்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் ஒரு குழந்தை இப்படிச் சொன்னால் அந்த வீட்டில் போய் ஜெபம் சொல்லுவோம். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். எழுந்து வெளியே வந்தேன். கீதா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவருக்கு ஒண்ணுமில்லண்ணா, மேடையில டூட்டியில இருக்காரு" என்றார். "ஆம்பள இல்லன்னா யாரும் உள்ள வர மாட்டேங்கிறாங்க. வந்தவங்க எல்லாரும் வாசலோட போயிட்டாங்க. வியாழக்கிழமை சொட்டுச்சுன்னா எங்க ரெண்டு பேரையும் அவர் ஊருக்கு அனுப்பிடுவாரு. எனக்கு வேற வழி தெரியல."

வாசலில் கிடந்த ஷூவை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டதும், சட்டையை நாற்காலியில் மாட்டியதும் அவர்தான். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. ஏனென்றால் அந்தக் கட்டடத்து நாத்தூர், அதாவது வாட்ச்மேன், ரஹீம் பாய் நான் வரும்போதே லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ராகவன் எந்த மாதம் இருப்பார், எந்த மாதம் இருக்கமாட்டார் என்பது அவருக்கு மனப்பாடம். கட்டட ஆபீஸுக்குச் செய்தி போவதும் அவர் வழியாகத்தான். விதிப்படி நான் அந்த நிமிஷமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். கிளம்பினால் குளியலறைத் தரை திறந்துகிடக்கும், வியாழக்கிழமை அந்தக் குடும்பத்தின் கதை முடிந்துவிடும். இருந்தால் என் கதை முடியலாம்.

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வெளியே படிக்கட்டில் போய் நின்று அண்ணைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் மூச்சு வாங்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"அப்ப நிலத்தை உடைச்சுப்போட்டாய்?"

"உடைச்சிட்டேன் அண்ணை. எனக்குப் பேடியாட்டு இருக்கு" என்றேன். எங்கள் ஊரில் பேடி என்றால் பயம்.

நட்டை மேசையில் வைக்கும் சத்தம் போனில் கேட்டது. 

"கதவைச் சாத்தாதை. படியிலயே நில். நான் வாறன்" என்றார்.

வந்தது அவர் மட்டுமல்ல. லிஃப்ட் திறந்ததும் முன்னால் வந்தவர் அவர் மனைவி மனோ அக்கா. நல்ல உயரம், உரத்த குரல். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்; கை துடைக்கும் துண்டு இன்னும் தோளில் கிடந்தது. ரஹீம் பாய் பின்னாலேயே மாடிக்கு வந்து நின்று யார், என்ன என்று இந்தியில் விசாரிக்க ஆரம்பித்தார். மனோ அக்காவுக்குத் தெரிந்த இந்தி மிகவும் கொஞ்சம். அதில் பாதியைச் செலவழித்து, "மேரா பஹன் கா கர்" என்றார், இது என் தங்கை வீடு என்று. அன்றைக்குத்தான் கீதாவை முதல்முறையாகப் பார்க்கிறார். நேரே உள்ளே போய், நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, குளியலறை தெரிகிற மாதிரி அதில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் இருக்கிறன். இனி வேலையைப் பாருங்கோ" என்றார்.

அண்ணை கழுத்துப் பொத்தானைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடித்தார். புது இணைப்பைப் பொருத்தி, நீர் இறங்காத பூச்சுப் போட்டு, டைல் பதித்தோம். அது காய்கிறவரை குளியலறையில் தண்ணீர் படக்கூடாது. அதுவரை குளிக்க என்ன செய்வது என்று கீதா கேட்பதற்கு முன்பே, மனோ அக்கா தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கீதா பொய் சொன்னதைப் பற்றி அண்ணை அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் வண்டியில், அந்த இடத்தில் மனோ இருந்திருந்தால் அவளும் ஷூவைத்தான் எடுத்துப் போட்டிருப்பாள் என்று சொன்னார்.

காய்ந்த பிறகு குளியலறைத் தரை முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். மனோ அக்கா மேலே காவல் இருக்க, நான் கீழ்வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருந்தவர் எகிப்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். நல்ல மனிதர், தன் புத்தகங்கள் நனைகின்றனவே என்பதுதான் அவருடைய கோபம். எனக்குத் தேநீர் கொடுத்தார். இருவரும் சோபாவில் சாய்ந்து, தலையை அண்ணாந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அரபி அரைகுறை, அவருக்குத் தமிழ் பூஜ்யம். அவ்வப்போது அவர் என்னைப் பார்த்து "மாஃபி?" என்பார். நான் "மாஃபி" என்பேன். ஒன்றுமில்லையா, ஒன்றுமில்லை. கழுத்து வலிக்கும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் எழுந்து ஒரு நாற்காலியின் மேல் ஏறி, கூரையைக் கையால் தடவிப் பார்த்து, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் நான் மறக்காதது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை கட்டட ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்தான். காய்ந்த கூரையைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் வேனில் ஒரு மாற்றம் வந்தது. கணவர் கடலில் இருக்கும் வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால், மனோ அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் வேலை செய்வேன், அவர் வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த வீடுகளில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைப்பது பிளம்பர் கிடைப்பதைவிட அரிது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. சில வீடுகளில் என் வேலை முடிந்தும் அக்காவுக்காக நான் வண்டியில் காத்திருப்பேன். பிறகு பிறகு போனில் முதலில் கேட்பதே 'அக்கா எப்ப வருவாங்க?' என்றுதான். குழாய் விஷயம் கடைசியில் வரும்.

ஆனால் கீதா வீட்டு விஷயம் வியாழக்கிழமையோடு முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ராகவன் பட்டறைக்கு வந்தார். கடலிலிருந்து கரை இறங்கி, வீட்டுக்குப் போகாமல், தோளில் பையோடு நேரே எங்களிடம் வந்திருந்தார். நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் எப்படி வந்தாய் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"கீதா போன்ல எல்லாம் சரியாயிடுச்சுன்னுதான் சொல்லுவா. முன்னாடி ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னா. நீங்க உள்ளதச் சொல்லுங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் டிக்கெட் பாத்து வச்சிருக்கேன். நான் அங்க கிடக்க, இவ இங்க என் ஷூவ எடுத்துப் போட்டு நடிச்சுக்கிட்டு… அம்மு போன்ல சொன்னா, எனக்குத் தாங்கல. ஊருக்கு அனுப்பிடட்டுமா?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மேசையிலிருந்த நட்டை உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பதிலை என்னிடமே விட்டுவிட்டார் என்று புரிந்தது. இனிமேல் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் அந்தக் கட்டடத்தின் குழாய்களை நான் பார்த்திருக்கிறேனே.

"நான் போட்டது நிக்கும் சார். ஆனா பில்டிங் பழசு. அடுத்து அடுக்களைப் பக்கம் ஒழுகும், அது நிச்சயம்" என்றேன். "ஒழுகினா எங்கள விளிங்க. நீங்க கரையில இருந்தாலும் இல்லேன்னாலும் நாங்க வருவோம். அக்காவும் வருவாங்க. ஒரு குழாய்க்காகப் பிள்ளைய அனுப்பாதீங்க."

 அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். டிக்கெட் போடவில்லை. நான் சொன்ன மாதிரியே அடுக்களை ஒழுகியது, நாங்கள் போனோம். பிறகு ஹீட்டர், பிறகு கதவுப் பூட்டு, எல்லாவற்றுக்கும் போனோம். அம்மு அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தாள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி வந்த அன்று நானே வளர்த்த பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ராகவன் வந்துபோன அந்த வாரம், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஊருக்குப் போன் செய்தேன். என் மனைவி ஸ்டெல்லாவிடம் இந்தக் கதை முழுவதையும் கொஞ்சம் கை கால் வைத்தே சொன்னேன். ஷூவைச் சொன்னபோது சிரித்தாள். நான் ராகவனுக்குச் சொன்ன பதிலையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, நம் வீட்டிலும் மோட்டாரிலிருந்து வரும் குழாய் இணைப்பில் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, துணி சுற்றிக் கட்டி வாளி வைத்திருக்கிறேன் என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன லீவு முடிந்து நான் விமானம் ஏறிய வாரத்திலிருந்து என்றாள். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நம்ம ஊரில் பிளம்பருக்கா பஞ்சம், ஒருத்தரை விளித்தால் என்ன என்று சத்தம் போட்டேன்.

"விளிச்சா வருவாரு" என்றாள். "கூரை மாத்தினது வேற ஆளு. கிணறு தூர்வாரினது வேற ஆளு. பிள்ளைக்கு காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனதும் வேற ஆளு. இந்தக் குழாயாவது நீங்க வந்து பாக்கட்டும்னு வச்சிருக்கேன்."

மறுநாள் காலை சிவபாலன் அண்ணையிடம் போய் லீவு கேட்டேன். என் முறை வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. காரணம் கேட்டார். வீட்டில் குழாய் ஒழுகுது அண்ணை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே டிக்கெட் எடுத்துத் தந்தார்.